நடமாடும் வேகத்தடை

அந்தத் தெருவில் வேகத்தடை போடச் சொல்லி மூன்று வருஷம் மனு எழுதினார்கள். இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே வளைவே இல்லாமல் நீண்டு கிடக்கிற தெரு அது. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் இதற்குள் புகுந்து பறப்பார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்ணின் புத்தகப்பையை ஒரு வேன் இழுத்துக்கொண்டே போய்விட்டது. பை போனதோடு விட்டதே என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகும் மேலிடத்திலிருந்து வந்த பதில் பழைய பதில்தான்: ஆம்புலன்ஸ் போகிற வழி, தடை போட விதி இல்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் தெருச் சங்கத்தின் செயலாளர். ஒரு நாள் காலை டீயோடு பால்கனியில் நின்றவர், பறந்து வந்த வண்டிகள் எல்லாம் திடீரென்று பெட்டிப்பாம்பாக அடங்கி வரிசையில் ஊர்வதைப் பார்த்தார். முன்னால் போய்க்கொண்டிருந்தது அதே தெருவில் குடியிருந்த டிரைவிங் மாஸ்டரின் வெள்ளைக் கார். கூரையில் பழகுநர் பலகை, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்பதால் முந்தவும் வழியில்லை. செயலாளர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே ஓடினார். பள்ளிக்கூட நேரம் முழுக்க, ஏழே முக்காலிலிருந்து எட்டரை வரை, மாஸ்டர் தன் பாடத்தை இந்தத் தெருவிலேயே மேலும் கீழுமாக நடத்துவது என்று அன்றே ஏற்பாடாயிற்று.

"மாஸ்டர், நீங்கதான் எங்க நடமாடும் வேகத்தடை" என்று செயலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றவர்கள் வாசலில் நின்று அவருக்குக் கை காட்டினார்கள். தெருவே கொண்டாடியது. கொண்டாடாத ஒரே ஆள் மாஸ்டரின் மனைவி.

காரணம் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழே முக்கால் பாடத்துக்கு வருகிற மாணவி ஒரு பல் டாக்டர். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும், எடுத்ததற்கெல்லாம் சிரிப்பாள். டெஸ்டில் இரண்டு தடவை தோற்றவள். ஆமைகூட அவளைப் பார்த்து ஹாரன் அடிக்கும், அப்படி ஓட்டுவாள். தெருவுக்கு வேண்டியதும் அதுதானே!

மாஸ்டரின் மனைவிக்குத் தையல் தொழில். ஜிப் மாற்றுவது, ஓரம் மடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. மெஷின் போட்டிருந்தது தெருப்பக்க ஜன்னலை ஒட்டி. வேறு இடத்தில் போட்டிருந்தால் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. முக்கால் மணி நேரத்தில் அந்த வெள்ளைக் கார் பதினான்கு தடவை ஜன்னலைக் கடந்தது. பதினான்கு தடவையும் அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். வேகமாகப் போனாலாவது பார்வையிலிருந்து மறையும். இது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாமல், உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பை ஒவ்வொரு பல்லாகக் காட்டிவிட்டுப் போனது.

ஒரு நாள் சரியாக ஜன்னலுக்கு நேரே வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் எட்டு வண்டிகள். டாக்டர் இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று மாஸ்டரின் மனைவி ஆவலோடு எட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்ல டாக்டர், பதறாதீங்க" என்றது புருஷன் குரல். "வண்டின்னா அணையத்தான் செய்யும். நிதானமா மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. அவசரப்படறவன் பின்னாடி நிக்கட்டும்."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில், பால் பொங்கி வழிந்தால் ஒரு கத்தல், சாவியை மறந்துவிட்டு வெளியே போனால் ஒரு கத்தல், ரசீது கிடைக்காவிட்டால் ஒரு கத்தல். இப்படி ஒரு குரல் அந்தத் தொண்டையில் இருந்திருக்கிறது! வீட்டில் ஒரு நாள்கூட எடுத்து உபயோகிக்காமல் யாரோ ஒருத்திக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். அன்று அவள் தைத்த பேன்ட்டில் ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப் போனது.

மதியம் சாப்பிட வந்தவரிடம் அவள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அந்த டாக்டருக்குத்தான் வண்டி ஓட்டவே வரலையே. எத்தனை மாசந்தான் ஓட்டிக்கிட்டே இருப்பாங்க?"

"மெதுவா வரட்டுமே. அவங்க ஓட்டறதாலதான தெருவுல பிள்ளைங்க பத்திரமா நடக்குது."

"அந்த சேவையை நான் செய்யறேன். எனக்குக் கத்துக் குடுங்க. நானும் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

மாஸ்டர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "உனக்கா? உனக்கு எதுக்குடி அதெல்லாம்? எங்க போகணும் சொல்லு, நான் கொண்டுபோய் விடறேன்."

இப்படி அவள் கேட்பது நான்காவது தடவை. கல்யாணமான புதிதில் கேட்டபோது அடுத்த மாசம் என்றார். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கேட்டதற்கு, வண்டிக்கு வேலை வந்திருக்கிறது என்றார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு கேட்டதற்கு, உனக்கு வராது, விடு என்றார். இந்தத் தடவை சிரித்தார். மற்ற மூன்றையும்கூட அவள் மறந்திருப்பாள், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். காய்கறிக்காரர், நர்ஸ், எழுபது வயது ஓய்வு பெற்ற நீதிபதி எல்லோரும் அந்த இருக்கையில் உட்கார்ந்து எழுந்தவர்கள். சொந்தப் பெண்டாட்டி மட்டும் அதில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் அவளுக்குப் பல்வலி வந்தது. வராத பல்வலிதான். எதிரி எப்படிப்பட்டவள் என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவே. டாக்டரின் கிளினிக்கில் கழுத்துக்குக் காகிதத் துண்டு கட்டி, நாற்காலியைச் சாய்த்து, கண்ணுக்கு மேலே விளக்கைத் திருப்பினார்கள். டாக்டர் கண்ணாடிக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, "அட, நெஜமாவே ஒரு சொத்தை இருக்கே" என்றாள். ஊசி போட்டு, எச்சில் உறிஞ்சுகிற குழாயை உதட்டோரம் மாட்டி, குடையத் தொடங்கினாள்.

"நீங்க மாஸ்டர் வீட்டம்மாதானே? கார்டுல விலாசத்தைப் பாத்தேன். குடுத்து வச்சவங்க நீங்க. அவரை மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததே இல்ல."

"ஆ..." என்றாள் மாஸ்டரின் மனைவி. வேறு எதுவும் சொல்ல வாயில் இடமில்லை.

"எங்க அண்ணன்கிட்டத்தான் முதல்ல பழகினேன். கியர்ல சத்தம் வந்தா அடிக்கவே வந்துடுவான். மாஸ்டர் ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. பாருங்க, உங்களைப் பத்திக்கூட எவ்வளவு வருத்தப்பட்டார்! எத்தனையோ தடவை கத்துத் தரேன்னு கெஞ்சினாராம். நீங்கதான் பயந்துக்கிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்னுட்டீங்களாம்."

"ஆங்! ஆ... ஆங்!"

"வலிக்குதா? இன்னும் கொஞ்சம் மருந்து போடவா?"

வலித்தது. அந்த மருந்து எட்டாத இடத்தில் வலித்தது. அதைவிடக் கொடுமை, டாக்டர் நல்லவளாக இருந்தாள். சொத்தையை அடைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அக்கா, நீங்களும் பயப்படாம ஒரு தடவை ஒக்காந்து பாருங்க" என்று உண்மையான அக்கறையோடு சொன்னாள். அவளைத் திட்ட வாகாக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதனால் மொத்தக் கோபமும் போய்ச் சேர வேண்டிய விலாசத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த தெரு முனையில் இருந்த இன்னொரு டிரைவிங் பள்ளிக்குப் போனாள். அதை நடத்துகிறவர் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் வேலை பார்த்தவர், பிறகு சண்டை போட்டுக்கொண்டு தனியாக மஞ்சள் கார் வாங்கியவர். டெஸ்ட் மைதானத்துச் சுவரை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்துத் தள்ளியதால் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னாலே மாஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மாஸ்டரின் மனைவிக்கு ஒரு பக்க வாய் மரத்துப்போயிருந்தது. வந்த விஷயத்தை அவள் சொன்ன விதத்தில் ரிவர்ஸ் பயந்துபோய், "அண்ணி, ஒக்காருங்க, அண்ணனுக்கு போன் போடவா?" என்று தண்ணீர் கொடுத்தார். அது பாதி மோவாய் வழியே இறங்கியது. அவள் காகிதத்தை இழுத்து எழுதிக் காட்டினாள்: எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தர வேண்டும். அவருக்குத் தெரியக் கூடாது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா என் ரெண்டு காலையும் ஒடிச்சிடுவாரே அண்ணி" என்றார் ரிவர்ஸ். ஆனால் கண் மின்னியது. பழைய கணக்கு ஒன்று அவருக்கும் இருந்தது.

தினமும் மதியம் மூன்று மணிக்கு, மாஸ்டர் டெஸ்ட் மைதானத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஊருக்கு வெளியே பாடம் நடந்தது. முதல் நாளே ரிவர்ஸ் அசந்துபோனார்.

"என்ன கால் அண்ணி இது! கிளட்சை மயிரிழை மயிரிழையா விடறீங்க. எனக்கே இப்படி வராது."

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வழுக்குகிற துணியில் ஓரம் அடிக்கும்போது மோட்டார் மெஷினின் பெடலை ஒவ்வொரு தையலாக மிதிக்க வேண்டும். இருபது வருஷம் மிதித்த கால் அது. நான்காவது நாள் ஓரமாக நிறுத்தினாள், பத்தாவது நாள் மேட்டில் நிறுத்தி எடுத்தாள். இருபதாவது நாள் ரிவர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஆனாலும் காலையில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார் போகும்போது எரிந்த வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டத் தெரிந்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தாள். அடங்கவில்லை. தான் ஓட்டுவதை அவர் பார்க்க வேண்டும்.

"திங்கக்கிழமை காலைல, ஏழே முக்காலுக்கு, எங்க தெருவுல" என்றாள் ரிவர்ஸிடம். அவர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைக் கார் தெருவின் மேல்முனையில் திரும்பியதும், அந்த முனையை அடுத்த சந்திலிருந்து மஞ்சள் கார் வெளியே வந்து அதற்கு முன்னால் சேர்ந்துகொண்டது. கூரையில் பழகுநர் பலகை. வேகம் பன்னிரண்டு. பிறகு பத்து. இறங்கி எட்டு. பின்னால் வெள்ளைக் கார், அதன் பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் தெரு முனை வரைக்கும் வண்டிகள். பைகளைச் சுமந்த பிள்ளைகள் மஞ்சள் காரைவிட வேகமாக நடந்து போனார்கள்.

மாஸ்டர் முதலில் மஞ்சள் காரைத்தான் பார்த்தார். என் தெருவில் இவனுக்கு என்ன வேலை என்று கழுத்தை நீட்டினார். பால்கனியிலிருந்து செயலாளரின் குரல் தெரு முழுக்கக் கேட்டது:

"மாஸ்டர்! முன்னாடி ஓட்டறது உங்க வீட்டம்மா! இப்ப நமக்கு ரெண்டு வேகத்தடை!"

அப்போது ஹாரன் அடித்தது. பழகுகிறவர்களுக்குப் பின்னால் ஹாரன் அடிப்பவனை, வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்த் திட்டுகிற மனுஷன், டாக்டரின் கைக்குக் குறுக்கே கையை நீட்டி விடாமல் ஹாரனை அழுத்தினார்.

"அண்ணி, ஓரங்கட்டிடலாம்" என்றார் ரிவர்ஸ். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பேசாம ஒக்காருங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பே இல்ல அண்ணி, அருமையா ஓட்டறீங்க" என்றார் ரிவர்ஸ் நடுங்கிக்கொண்டே. அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, பல் தெரிய, பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்து சிரிக்கும்படி. பின்னால் ஹாரன் ஒரு நொடி நின்றது.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தார் மாஸ்டர். முகம் சிவந்து, வாய் கோணி, கண் முழுக்க அந்த மஞ்சள் காரின் முன் இருக்கைகளுக்குள்ளேயே இருந்தது. இந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு மாதமாகத் தினமும் காலையில் அவள் போட்டுக்கொண்டிருந்த முகம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. இவருக்கும் எரிகிறது. அப்படியானால் நான் இவருக்கு ஒரு ஆள்தான்.

"ஏய்!" என்று மாஸ்டர் கத்தினார். "என்கிட்ட கேட்டிருந்தா நான் கத்துக் குடுக்க மாட்டேனா உனக்கு?"

தெரு முழுக்க அதைக் கேட்டது. வெள்ளைக் காரில் டாக்டர் மெல்லத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டரின் மனைவி ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"நான் எங்கங்க கேட்டேன்! நீங்க கெஞ்சு கெஞ்சுன்னு கெஞ்சினீங்க, நான்தான் பயந்து நடுங்கிட்டேனே! டாக்டரைக் கேளுங்க, சொல்லுவாங்க!"

மாஸ்டர் டாக்டர் பக்கம் திரும்பவில்லை. உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னால் போகிற பழகுநர் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெள்ளைக் கார் குலுங்கி அணைந்தது. இந்தத் தடவை யாரும் பரவாயில்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

டாக்டர் தானாகவே மறுபடி ஸ்டார்ட் செய்து கிட்டே வரும் வரைக்கும் மாஸ்டரின் மனைவி ஊர்ந்தபடியே காத்திருந்தாள். தெரு இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அவள் கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கினாள்.