காது மடங்காமல்

அப்பா யேசுரத்தினம் இறந்த அன்று அஞ்சலின் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொழும்பிலிருந்து வந்த தம்பி றொமேஷ் சவப்பெட்டியின் மேல் விழுந்து புரண்டான். அவனை நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பாரிசவாயுவில் விழுந்த மனிதரை வருடக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்த அஞ்சலினோ வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோடா கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் பெயர்தான் கிடைத்தது.

அதைவிட மோசம், அவளே அதை நம்பிவிட்டாள். நெஞ்சுக்குள் எவ்வளவு துழாவினாலும் எதுவும் அகப்படவில்லை. துக்கமும் இல்லை, தொல்லை விட்டது என்ற நிம்மதியும் இல்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், படுத்தாள்.

வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக அவள் தெமோதரையிலிருந்து பஸ் ஏறிப் பதுளையில் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். முப்பதாம் நாள் செபம் முடிந்ததும் அதை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். பெற்ற அப்பனுக்கே அழாதவள் யாரோ ஒரு கிழவரை எந்த முகத்தோடு பார்ப்பது?

செபத்துக்கு முந்தின வகுப்பில் நளீரா டீச்சர் ‘கேர்’ என்ற இங்கிலீஷ் சொல்லை எடுத்தார். டீச்சர் அஞ்சலினைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் ஏழு தலைமுறையையும் விசாரிக்காமல் விடமாட்டார். ‘ஐ டோன்ட் கேர்’ எல்லாருக்கும் தெரிந்திருந்தது; புருஷன்மாரிடம் சொல்லிப் பழகியது. ‘டேக் கேர்’ என்பது போனை வைக்கும்போது சொல்வது; சொன்னதோடு கடமை முடிந்தது. ‘வுட் யூ கேர் ஃபோர் டீ’ என்றால் தேத்தண்ணி குடிக்க விருப்பமா என்று மரியாதையாகக் கேட்பதாம். கொழுந்து பறிக்கிற எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லையே என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. ஒருவரைக் ‘கேர்’ பண்ணுவது என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது, அதுதான் உங்கள் வேலை என்று டீச்சர் முடித்தார். முடித்தாரா என்ன?

"ஆனா ஆதியில அந்த அர்த்தம் இல்ல," என்றார். "அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க துக்கப்படுறதுக்குத்தான் இந்தச் சொல்ல வச்சிருந்தாங்க. பாத்துக்கிறதுங்கிறது பொறகு வந்து சேர்ந்தது."

அஞ்சலின் எழுதிக்கொண்டாள். துக்கம் என்றதும் தம்பி பெட்டியில் விழுந்து புரண்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அது தனக்குச் சம்பந்தமில்லாத சொல் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பெரிய பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் பயிற்சி நடந்தது. அஞ்சலின் திருப்பும்போது உள்ளங்கையை அதன் காதுக்கடியில் கொடுத்தாள். ஏன் என்று டீச்சர் கேட்டார். காது மடங்கிவிடும், மடங்கினால் அவரால் சொல்ல முடியாது என்றாள். பொம்மைக்குக் காது வலிக்குமா என்று பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

முப்பதாம் நாள் பின்னேரம் உபதேசியார் வந்து செபமாலை சொன்னார். றொமேஷ் அன்றும் விம்மினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். பாதிச் செபத்தில் தெமோதரை ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. அஞ்சலின் எழுந்து உள்ளே போய்விட்டாள். செபத்தில்கூட உட்கார மனமில்லை பார் என்று முணுமுணுப்பு எழுந்தது. செபம் முடிந்தும் அவள் வராததால், ரெண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று றொமேஷ் உள்ளே போனான்.

அப்பாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் அவள் முழங்காலில் இருந்தாள். ஒரு கை தலையணைக்குக் கீழே இருந்தது.

"என்னக்கா பண்ற?"

"ரயில் போயிருச்சுல்ல. அப்பாவத் திருப்பிப் போடுற நேரம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கையை எடுக்கப் பார்த்தாள், எடுக்க மனம் வரவில்லை.

"அப்பா போன பொறகு தெனமுமா?"

அவள் யோசித்தாள். ஒவ்வொரு பின்னேரமும் இங்கே வந்து முழங்காலில் நின்றது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. டீச்சர் சொன்ன அந்தப் பழைய அர்த்தம் நெஞ்சில் வந்து விழுந்தது, வலித்தது.

"ஆமா, தெனமும்."

கேட்க வந்த ரெண்டு வார்த்தையை றொமேஷ் கேட்கவில்லை. அவனுடைய அழுகை நின்றுபோயிருந்தது. கட்டிலின் மறுபக்கம் மெதுவாக முழங்காலிட்டான்.

"எந்தப் பக்கம்க்கா திருப்பணும்?"

"செவுத்துப் பக்கம்," என்றாள். "காது மடங்காமப் பாத்துக்க."