ஓட்டை விழுந்த சென்ட்

முனிராஜால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான், வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடி திறந்தான். காசு எங்கேயோ உலாவப் போயிருக்கிறது, இப்போது வந்து படுத்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. நீல வெல்வெட்டில் அதற்கென்று வெட்டிய பள்ளம் காலியாகத்தான் கிடந்தது.

பழைய காசு சேர்ப்பவர்கள் எல்லோரும் முழுசாக, பளபளவென்று தேடுவார்கள். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இவன் மட்டும் ஒடசலாகத் தேடுவான். அமெரிக்கா தனி நாடான புதிதில் அடித்த செப்புக் காசுகள்: வளைந்தது, நெருப்பில் கருகியது, யாரோ கத்தியால் பெயர் கீறியது. நல்லதாக இருந்தால் கடையை நிலத்தோடு விற்றாலும் சிலதைத் தொட முடியாது. அடிபட்டதென்றால் பலரும் சீண்ட மாட்டார்கள், கைக்கு எட்டும். அப்படி ஆரம்பித்தது போகப் போகப் பைத்தியமாகவே முற்றிவிட்டது. முழுக்காசைக் காட்டினால், பூட்டி வைத்துப் பூட்டி வைத்து எடுத்திருக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று இப்போது முகத்தைச் சுளிக்கிறான்.

காணாமல் போனது 1794ஆம் வருஷத்து சென்ட், அமெரிக்கச் சில்லறைக் காசு. அதில் பொறித்திருக்கும் கூந்தல் பறக்கும் பெண்ணின் தலைக்கு மேலே யாரோ ஆணியடித்து இறக்கிய ஓட்டை. மச்சினன் நியூஜெர்சியிலிருந்து சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் காசு சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். அங்கே கொண்டுவந்து காட்டுவதாக வாட்ஸ்அப்பில் மார்தட்டியாகிவிட்டது.

வீட்டையே கவிழ்த்துப் போட்ட பிறகுதான் மனைவியிடம் கேட்கத் தோன்றியது. நிர்மலாதேவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"பின்தெரு காவேரி கொழந்தைக்கு அரணாக்கயித்துல கட்ட ஓட்டக் காசு ஒண்ணு கேட்டா. நம்ம வூட்டுலதான் கொள்ளையா கெடக்குதேன்னு எடுத்துக் குடுத்தேன்."

முனிராஜ் குதித்தான். அது என்ன காசு தெரியுமா என்று கத்தினான். ஒடசல்தானே என்றாள் அவள். திட்டு விழுமே என்று பயந்து, ஒவ்வொரு காசு வரும்போதும் 'சும்மா கெடச்ச ஒடசல்' என்று அவளிடம் சொன்னவன் அவனேதான்.

பைக்கை விரட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போய், லட்சுமி பொறித்த புது வெள்ளிக் காசு ஒன்று வாங்கினான். கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், அவர்களுக்கும் நல்லதுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். குழந்தையின் வியர்வை, எச்சில், குளிப்பாட்டும் எண்ணெய் எல்லாம் அந்தச் செம்பில் படுவதை நினைத்து வண்டியை இன்னும் முறுக்கினான். பச்சை பூத்துவிடுமே என்று வழியெல்லாம் புலம்பினான்.

காவேரியின் கணவன் லாரியோடு வடக்கே போயிருந்தான். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவதைக் குப்பைமேட்டில் உருட்டி எடுத்துக் குப்பன் என்று பேர் வைத்திருந்தாள். இதெல்லாம் முனிராஜுக்கும் தெரிந்த சேதிதான். கேட்டிருக்கிறான், ஐயோ பாவம் என்றிருக்கிறான், தன் காசுகளைப் பார்க்கப் போய்விட்டிருக்கிறான்.

வந்த காரியத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி வெள்ளிக் காசை நீட்டினான். காவேரி அதைத் தொடவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நல்லதா இருக்கறதுமேலதானுங்கண்ணா எல்லாத்துக்கும் கண்ணு போவுது. மொத ரெண்டுக்கும் வெள்ளியிலதான் கட்டுனேன். இவனாச்சும் யாருக்கும் வேண்டாத பொருளாட்டம் இருக்கட்டும்னுதான் ஓட்டக் காசு கேட்டு வாங்குனேன். நாலு வூட்டுல கேட்டும் கெடைக்கலீங்க."

முனிராஜ் வெள்ளிக் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றான். குப்பனின் இடுப்பில், கறுப்புக் கயிற்றில், எண்ணெய்ப் பிசுக்கோடு சென்ட் தொங்கியது. லென்ஸை எடுத்துக் குனிந்தான். ஓட்டையின் மேல்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அமெரிக்காவிலும் யாரோ கயிறு கோத்திருக்கிறார்கள். சேலத்தில் அதைத்தான் காட்டிப் பெருமையடிக்க இருந்தான். குழந்தை லென்ஸைப் பிடித்து இழுத்தது.

"முன்னாடியும் யாரோ கட்டியிருக்காங்கம்மா. ரொம்ப வருஷம் கட்டியிருக்கணும், இவ்வளவு தேயறதுக்கு."

காவேரி அவன் முகத்தையே பார்த்தாள். "அப்ப அந்தக் கொழந்த நல்லா இருந்துச்சுங்களாண்ணா?"

கட்டியிருந்தது குழந்தைதானா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. மற்ற நேரமாக இருந்தால் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வான்.

"இருந்துச்சும்மா. பெருசாகி, கெழமாகிற வரைக்கும் இருந்துச்சு."

முடிச்சு தளர்ந்திருந்தது. கையுறை மாட்டாமல் இந்தக் காசுகளைத் தொடாதவன், வெறுங்கையால் கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சு போட்டான். அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பின்தெரு வழியாகத்தான் போகிறான். குழந்தையின் அழுகை கேட்டால் ஒரு கவலை, கேட்காவிட்டால் இன்னொரு கவலை.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பெட்டியைத் திறந்து வைத்தபோது எல்லோரும் காலிப் பள்ளத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு குழந்தை இடுப்பில் இருக்கிறது என்றான். சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் அக்கறையாக, எப்போது திரும்பி வரும் என்று கேட்டார்.

"வரக் கூடாதுங்க" என்றான் முனிராஜ்.