வெள்ளையடித்த கற்கள்

பனிமூட்டத்தில் மலைக் கல்லூரியின் வாசல் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. முதலாண்டு எம்.ஏ. படிக்கும் பூங்கொடி தன் ஸ்கூட்டரை உள்ளே விட்டதும், காவலாளி குழந்தைவேல் கையை நீட்டி மறித்தார்.

"கண்ணு, உன் இடத்துல ஆய்வுக்கு வந்தவங்க கார் நிக்குது. மேல போகாதே, ஏத்தத்துலயே நிறுத்திக்க சாமி."

"ஏனுங்ணா, எனக்குன்னுதானே இதை ஒட்டிக் குடுத்தாங்க?" வண்டி முகப்பில் இருந்த நீல அனுமதி வில்லையைத் தட்டிக் காட்டினாள்.

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரு நாளைக்குத்தானே." சொல்லிவிட்டு காரைப் பார்த்துக்கொள்ள மேலே நடந்தார்.

மேலே கட்டட வாசலின் சாய்தளத்தை ஒட்டிய அவள் இடம்தான் வளாகத்திலேயே சமதரை. அது அவளுக்கு ஏன் வேண்டும் என்பது வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கால்களில் வலுவில்லாததால் பின்சக்கரத்துக்கு இருபுறமும் துணைச் சக்கரம் பொருத்தியிருந்தாள். அதனால் ஸ்டாண்டு போட முடியாது. கியர் இல்லாத வண்டி. இன்ஜின் அணைந்துவிட்டால் சக்கரத்தைப் பிடித்து வைக்க உள்ளே எதுவும் கிடையாது. சரிவில், கையால் பிரேக்கை அழுத்தியிருக்கும் வரைதான் நிற்கும்.

இதற்கு மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடுப்பார்கள். கிளம்பும்போது அடுத்தவருக்காக அதை ஓரத்திலேயே விட்டுப் போவார்கள். அங்கே எப்போதும் நாலைந்து கல் கிடக்கும். அந்த நம்பிக்கையில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஊன்றுகோலால் கல்லை இழுக்கக் குனிந்தாள்.

கல் இல்லை.

எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து, எதிர்ப்புறம் பூச்செடி ஓரமாக வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஊன்றுகோலுக்கு எட்டாத தூரம்.

திரும்பிப் பார்த்தாள். சரிவு பனிக்குள் போய் மறைந்தது. வாசலுக்கு வெளியே சாலை வளைவு. வளைவைத் தாண்டினால் காப்பித் தோட்டத்துப் பள்ளம். எங்கோ பஸ் ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது.

கிளப்பிக்கொண்டு மேலே போய்விடலாம். சாவியைத் திருப்ப வலது கையை எடுத்தாள். சாவி திரும்பியது, ஆனால் இடது கை பிடி தளர்ந்து வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிக்கொண்டு ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குளிரில் பேட்டரி சோர்ந்துவிட்டது. உதைத்துக் கிளப்பக் காலில் வலுவில்லை. ஓரத்து மண்மேட்டுப் பக்கம் திருப்பி உருளவிட்டால், துணைச் சக்கரம் அதன் அடியிலுள்ள சாக்கடையில் இறங்கி வண்டி அவள்மேல் சாயும்.

விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.

ஹாரன்! ஸ்டார்ட்டருக்குப் போதாத மின்சாரம் ஹாரனுக்குப் போதும். கட்டைவிரலால் அமுக்கினாள். தொண்டை கட்டியதுபோல் அது கத்தியது.

"என்ன கண்ணு, கலெக்டர் வண்டியா வருது? வழி விடச் சொல்றயா?" மேலிருந்து குழந்தைவேலின் சிரிப்புதான் வந்தது, ஆள் வரவில்லை.

பஸ் சத்தம் வளைவுக்குப் பக்கத்தில் கேட்டது.

"கல்லுங்ணா! கல்லு!"

சிரிப்பு சட்டென்று நின்றது. மலையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடி வந்தது. அதற்குள் இடது கை நழுவி, வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. வரிசையிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கிய குழந்தைவேல் அதைச் சக்கரத்தடியில் தள்ளினார். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது.

அவருக்கு மூச்சு வாங்கியது. காயாத சுண்ணாம்பு கையெல்லாம் ஒட்டியிருந்தது. "நான்தான் சாமி அடுக்குனேன். பாக்க அழகா இருக்கட்டும்னு..."

"காரை எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

அவர் மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பி, கட்டடத்துக்குப் பின்னால் போகும் சத்தம் கேட்டது.

"இடம் காலியாயிருச்சு கண்ணு. பிரேக்கை விடு, நான் தள்ளிக்கிட்டுப் போறேன்."

பூங்கொடி விடத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. குழந்தைவேல் தன் வெள்ளைக் கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அவள் கண் அந்தக் கல்லைவிட்டு அகலவில்லை.