கொடி பறந்தால் காபி உண்டு

நூற்றுப் பதினேழாவது படியில் ரோஸ்விட்டா உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. மடியில் சுருட்டிய கொடி. இன்னும் நாற்பது படி இருக்கிறது, பாழாய்ப்போன இந்தக் கோபுரத்தில்.

கொடி ஏறினால் கோபுரம் திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறது, காபி கிடைக்கும். ஜெர்மனியின் இந்தக் கருங்காட்டு மலையில் நடக்க வருகிற எல்லோருக்கும் இது தெரியும். முப்பத்தோரு வருடம் ஞாயிறு தவறாமல் அதை ஏற்றியவர் அவள் கணவர் லோதர். போன மாதம்தான் கோபுரத்துக்குப் புதிதாக வந்த காவலாள் யூர்கனிடம் சாவியைக் கொடுத்தார். இன்று கீழே, ஊரின் கடைசி வீட்டில், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தார். கோபுரம் கண்ணில் படட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

காலையிலிருந்து லோதருக்கு ஒரே கேள்வி.

“கொடி ஏறலியே, ரோசி?”

“யூர்கன் எந்திரிச்சாத்தானே ஏத்துவான்.”

“சோம்பேறிப்பய. வர்றவங்க ஏமாந்து போவாங்க.”

“இந்த நிலைமையிலயும் உனக்குக் கோபுரம்தானா? என்னைப் பாரேன் கொஞ்சம்.”

“உன்னத்தான் நாப்பது வருஷமாப் பாத்தாச்சே.” சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “நீ போய் ஏத்தேன். அதைப் பாத்துட்டா நிம்மதியாக் கிடப்பேன்.”

“நான் பக்கத்துலயே இருக்கேன், போயிட்டு வந்துடு. இப்ப ஒண்ணும் ஆகாது,” என்றாள் அவர் தங்கை கெர்லிண்டே.

ரோஸ்விட்டாவுக்கு மனமே இல்லை. கடைசி மூச்சின்போது அவர் கை தன் கையில் இருக்கவேண்டும்; அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அவர் கேட்டு எதை மறுத்திருக்கிறாள்?

எழுந்து மீதிப் படிகளையும் ஏறினாள். உச்சியில் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கொடி படபடவென்று விரிந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி நின்றாள். அதற்குள் ஒரு தம்பதி மேலே வந்துவிட்டார்கள்.

“அப்பாடா! கொடியைப் பாத்துட்டுத்தான் ஏறினோம்,” என்றாள் அந்தப் பெண். “கீழ காபி உண்டா?”

“இல்லைங்க, நான் உடனே போகணும். வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல.”

“ஐயோ, போங்க போங்க.”

அந்தப் பெண்ணின் கணவன் தெற்கே கை நீட்டினான். “ஆல்ப்ஸைப் பாரேன், எவ்வளவு கிட்டத்துல!”

“அப்படித் தெரிஞ்சா நாளைக்கு மழை,” என்றாள் ரோஸ்விட்டா, பழக்கதோஷத்தில். படியில் கால் வைக்குமுன் ஒரு தடவை தன் வீட்டைப் பார்த்தாள். தேவதாரு மரங்களுக்குக் கீழே சிவப்புக் கூரை. லோதரின் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. திரைச்சீலை வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

கெர்லிண்டே குளிருக்குப் பயந்தவள். அக்டோபரில் ஜன்னலைத் தொடமாட்டாள். வீட்டில் யாராவது இறந்தால் உயிர் வெளியே போகட்டும் என்று ஊரார் திறந்துவிடுவார்களே, அதற்கு மட்டும்தான் திறப்பாள்.

ரோஸ்விட்டா கம்பியை விடவில்லை. கொடியைப் பார்த்தாரோ இல்லையோ, கெர்லிண்டேயைத்தான் கேட்கவேண்டும். அந்த ஜன்னலைப் பார்த்தபடியே லோதரைத் திட்டினாள்.

“படுபாவி, அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா?”

“என்னங்க சொன்னீங்க?” என்றாள் அந்தப் பெண்.

“ஒண்ணுமில்ல. கீழ வாங்க, காபி போடறேன்.”

“அவசரமாப் போகணும்னீங்களே?”

“இப்ப இல்ல,” என்று சொல்லிவிட்டு ரோஸ்விட்டா முன்னால் இறங்கினாள்.