குழிக்கு மேல் நின்ற கார்

விசுவநாதன் அந்த வெள்ளைக் காரை வாங்கிய இரண்டு வருடத்தில் அது ஒன்பது தடவை படுத்துவிட்டது. எஞ்சின் ஒருநாளும் தகராறு செய்ததில்லை. நான்கு சக்கரங்களுக்கு மேலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருந்தன. பின்பக்கம் இடது பையில் காற்று இறங்கி, விடிந்து பார்த்தால் கார் ஒரு காலை மடித்த யானை போல சாய்ந்து கிடக்கும். மலேசியாவில், சிரம்பான் நகரத்தில் இருந்த வொர்க்‌ஷாப்பில் மூன்று முறை பையையே மாற்றினார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு பழையபடி படுத்துவிடும்.

நன்றாக இருக்கும் நாட்களில் அதைப் போன்ற வண்டி கிடையாது. ரந்தாவ் பக்கம் அவருக்கு இருந்த ரப்பர் தோட்டத்துக்குள் மூன்று மைல் செம்மண் பாதை. மழைக்குப் பிறகு லோரிகளே திணறும். அந்தப் பாதையில் விசுவநாதன் பின்சீட்டில் உட்கார்ந்து பேனாவால் கடிதம் எழுதுவார், எழுத்து கோணாது. முதுகுவலிக்காரியான அவர் மனைவி செல்லம்மை தோட்டத்துக்கு வரத் தொடங்கியதே அந்தக் கார் வந்த பிறகுதான்.

ஆனால் விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான். "பாதி நாள் வொர்க்‌ஷாப்புல கெடக்குற வண்டி நமக்கு எதுக்குங்க?" என்றாள். கடற்கரை ஊரான சி ரூசாவில் ஹோட்டல் வைத்திருந்த தங்கராஜு ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே கார் மறுபடியும் இறங்கியது. டிரைவர் மாயாண்டி குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்னடா?"

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. என் வூட்டுக்காரி ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுது."

மாயாண்டியின் மனைவி நீலாவதி, சுங்கை காடுட்டில் ரப்பர் குழாய் செய்யும் ஃபேக்டரியில் ஏழு வருடமாக வேலை செய்தாள். குழாய்களில் காற்றை ஏற்றித் தண்ணீரில் அமுக்கி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு குழாய். சனிக்கிழமை அரைநாள் என்பதால் அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

ஃபேக்டரி சட்டையோடு வந்து, கைகட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"வொர்க்‌ஷாப்புல எப்படிங்க டெஸ்ட் பண்ணுவாங்க?"

"தூக்கி நிறுத்தி, பையில சவுக்காரத் தண்ணி பூசி, குமிழி வருதான்னு பார்ப்பான்" என்றார் விசுவநாதன்.

"தூக்குனா சக்கரம் தொங்கும்லா. பாரம் இருக்காது. பாரம் இல்லாதப்ப கசியாத எடமா இருந்தா எப்படித் தெரியும்? நாலு மாசமா இவருகிட்ட சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். மொதலாளிகிட்ட சொல்றதுக்கு இவருக்கு வெக்கம்."

மாயாண்டி வேறு பக்கம் பார்த்தான்.

ஸ்டோருக்குப் பக்கத்தில், லோரிக்கு அடியில் இறங்கிப் பழுது பார்க்கத் தோண்டிய குழி இருந்தது. எஞ்சினைப் போட்டதும் பையில் காற்று ஏறி, காரின் பின்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. சக்கரங்கள் தரையிலேயே நிற்க, குழிக்கு மேல் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான் மாயாண்டி. நீலாவதி ஒரு வாளி சவுக்காரத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷுமாகக் குழிக்குள் இறங்கினாள்.

"பின்னாடி பாரம் வேணும். உர மூட்டை வைக்கலாங்களா?"

தோல் சீட்டை நினைத்துச் செல்லம்மை முகம் சுளித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அவளே கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "நீங்களும் வாங்க" என்று கணவரை அழைத்தாள். விசுவநாதன் சிரித்துக்கொண்டே ஏறினார்.

"ஆச்சி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காருங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. செல்லம்மை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு. மொதலாளி, வந்து பாருங்க."

விசுவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பையில் ஒரு குமிழிகூட இல்லை. பைக்குப் போகும் சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் ஓர் இரும்பு விளிம்பில் உரசித் தேய்ந்திருந்தது. அங்கே கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"ஆச்சி, எறங்குங்க" என்றாள் நீலாவதி. செல்லம்மை இறங்கியதும் கார் ஒரு விரல்கடை உயர்ந்தது. குழாய் விளிம்பை விட்டு லேசாக விலகியது. குமிழிகள் குறைந்து ஒன்றிரண்டாயின; காரைத் தூக்கி நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

விசுவநாதன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று புதுப் பைகள், ஒன்பது தடவை வொர்க்‌ஷாப். யாரும் காரைத் தரையில் நிற்கவைத்துப் பார்க்கவில்லை. வியர்வை வழிய, கன்னத்தில் கிரீஸோடு நின்ற அந்தப் பெண்ணை அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வச்சுக்கலாமா, வித்துரலாமா?"

அதுவரை தோட்டத்தில் யாரையும் அவர் 'நீங்க' என்று கூப்பிட்டு மாயாண்டி கேட்டதில்லை.

நீலாவதி பிரஷை வாளியில் போட்டாள். "இந்தக் குழாய மாத்தி, அந்த வெளிம்புல உரசாம ரப்பர் வச்சுக் கட்டுனா இந்தப் பக்கம் சரியாயிரும். ஆனா மத்த மூணு குழாயும் இதே வயசுதான், அதுங்களும் தேயும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ குழியில எறங்கிப் பாக்க ஆளு இருந்தா வச்சுக்கோங்க. இல்லாட்டி வித்துருங்க. வாங்குறவருகிட்ட இதச் சொல்லிட்டு வித்துருங்க."

"பாக்க நீங்க வருவீங்களா?"

"வருவேன். இப்படிப்பட்ட வண்டிய யாரு செஞ்சாங்களோ, நல்லா யோசிச்சுதான் செஞ்சிருக்காங்க. ஒரு குழாயக் கட்டுறதுல கோட்ட விட்டுட்டாங்க, அவ்ளோதான்."

விசுவநாதன் மனைவியைப் பார்த்தார். செல்லம்மை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே ஆபீஸ் பக்கம் நடந்தாள். போனில் தங்கராஜுவைப் பிடித்து, "அண்ணே, நாளைக்கு வரவேண்டாம். வண்டிய நாங்களே வச்சுக்கிறோம்" என்றாள். எதிர்முனையில் விலையைக் கூட்டிச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "இல்லண்ணே, விலைக்காக இல்ல. பாக்குறதுக்கு ஆளு கெடச்சிருச்சு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

குழாய் திங்கட்கிழமை மாற்றப்பட்டது. நீலாவதி ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்று, ரப்பர் துண்டை எங்கே வைப்பது என்று வொர்க்‌ஷாப்காரனுக்குக் காட்டினாள். அவன் முதலில் முறைத்தான். பிறகு மற்ற மூன்று குழாய்களுக்கும் அவளைக் கேட்டுத்தான் கட்டினான்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பும்போது நீலாவதி மாயாண்டிக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். செம்மண் பாதை தொடங்கியதும் மாயாண்டி வழக்கம்போல வேகத்தைக் குறைத்தான்.

"கொறைக்காத. ஓட்டு" என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வளைவு வரை வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.