நெகேமியா அறுத்த கயிறு

“அண்ணி, அண்ணன் காப்பாத்துன திருக்கையைப் பாத்தா நானும் ஒரு வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க,” என்றான் படகோட்டி அப்னேர். பாக்கு மென்ற பல்லெல்லாம் சிவப்பு.

டோர்சினா கடலடியில் மூச்சுவிட முதுகில் மாட்டிய காற்று உருளையின் வாரை இறுக்கினாள். இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன், வலைக்கயிற்றில் சிக்கிய கொம்புத் திருக்கையோடு காற்று தீரும்வரை நீந்திக் கயிற்றை அறுத்துவிட்டதாக அவள் கணவன் நெகேமியா சொன்னான். சாட்சி கிடையாது. கத்தியும் கடலோடு போயிருந்தது. “இடது ரெக்கை அடியில ஆழமா வெட்டியிருந்துச்சு. வயித்துல அடுப்புக்கல்லு மாதிரி மூணு புள்ளி,” என்பான். கத்தியைத் தொலைத்தவன் கட்டிய கதை என்று ஊர் சிரித்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. சிரிப்பு மட்டும் நின்றபாடில்லை.

இப்போது அவன் வேலை அவளுக்கு. சுற்றுலா வந்த விருந்தாளிகளை முதன்முறையாக அவளே கடலுக்கடியில் கூட்டிப்போகிறாள்.

குட்டி மீன்கள் திருக்கைகளின் உடம்பைச் சுத்தம் செய்யும் பாறைக்குச் சற்றுத் தள்ளி, மணலில் காத்திருந்தார்கள். நிழல் ஒன்று தெரிந்ததுமே டச்சுக்காரப் பெண் கேமராவோடு பாய்ந்தாள். டோர்சினா அவளைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள்: அசையாதே. அதற்குள் திருக்கை மிரண்டு விலகிவிட்டது. டச்சுக்காரி முறைத்தாள். டோர்சினா இருந்த இடத்திலேயே இருந்தாள். நெகேமியாவும் இப்படித்தான் இருப்பான்.

அது திரும்பி வந்தது. தலைக்கு மேலே, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மெல்லக் கடந்தது. வயிற்றில் மூன்று புள்ளிகள். இடது இறக்கையடியில் வெள்ளைத் தழும்பு. முகமூடிக்குள் கண்ணீர் தேங்கியது. மூக்கால் ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

படகில் அப்னேர் டச்சுக்காரியின் கேமராவை வாங்கி, அவள் எடுத்த படத்தைப் பார்த்தான். மெல்வதை நிறுத்தினான்.

“அண்ணி, இது சினையால்ல இருக்கு!”

“ஆமா. குட்டிக்கும் சேத்து உன் வணக்கத்தைச் சொல்லிட்டேன்.”

படகுத்துறையில் கயிறு கட்டுமுன்பே அவன் கத்தினான்: “எங்கண்ணன் பொய் சொன்னான்னு எவன்டா சொன்னது?”

“மொதல்ல சொன்னவன் நீதான்,” என்றாள் டோர்சினா.

துறையே சிரித்தது. அப்னேர் உருளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நெகேமியாவின் உருளை அது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே மெதுவாக நடந்தாள்.