சாணுக்கு ஒரு விரல்

செபாஸ்டின் கயிறு தேடிக்கொண்டிருந்தான். அண்ணனைக் கிடத்தியிருந்த அறைக்கும் மாட்டுக்கொட்டகைக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றை உருவிக்கொண்டு வந்தான். அந்த ஊரில் சவப்பெட்டிக்கு அளவெடுப்பது அப்படித்தான். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை கயிறு பிடித்து முடிச்சுப் போட்டுத் தச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். பெட்டி வரும்போது கயிறும் திரும்பி வரும். அதைக் காலடியில் வைத்தே புதைப்பார்கள்.

கயிற்றில் சாணி காய்ந்திருந்தது. அவன் மனைவி இன்பமேரிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"மாடு கட்ற கயித்தாலயா மூத்தாரை அளப்பீங்க? சாண் போட்டு எத்தினின்னு சொல்லுங்க. நான் மீட்டர்ல சொல்றேன். வில்லியனூரு ஆசாரிகிட்ட மீட்டர் கோல் இருக்குது."

அறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. புதுச்சேரியில் வெள்ளைக்காரக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்துவிட்டு, கரும்பு வெட்டும் இந்த ஊருக்கு வாழ வந்தவள் அவள் ஒருத்திதான். நிலத்தின் குழியையும் துணியின் முழத்தையும் சர்க்காரின் மீட்டராக மாற்றிக் கேட்க ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். பதில் சரியாக இருப்பதைவிட உடனே வருவதுதான் அவர்களை மலைக்க வைக்கிறது என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துபோயிருந்தது.

செபாஸ்டின் கயிற்றைக் கீழே போட்டான். உச்சந்தலையிலிருந்து தொடங்கி, அண்ணன்மேல் சாண் வைத்துக்கொண்டே போனான். எட்டுச் சாண், நாலு விரற்கடை.

அவன் சாண் இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், பள்ளியிலிருந்து கொண்டுவந்த மர அளவுகோலின்மேல் அவன் கையை விரித்து வைத்து அவளே சிரித்துச் சிரித்து அளந்தது. எட்டு இருபத்திரண்டு என்பது அவளுக்கு வராத கணக்கும் அல்ல. இன்னும் நாலு இமைப்பு நேரம் ஆகும், அவ்வளவுதான். அந்த நாலு இமைப்பும் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சாண் இருபதுன்னு வச்சா எட்டுக்கு நூத்தறுபது. நாலு விரலுக்கு ஒரு எட்டு. நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி எழுபதுன்னே சொல்லிடுங்க."

கடைசியில் சேர்த்த இரண்டு அவளுக்குத் தாராளமாகத் தோன்றியது. செபாஸ்டின் அந்த எண்ணை வாய்க்குள் முணுமுணுத்தபடி வண்டி பூட்டப் போனான். அவள் சொன்னதை அவன் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

அண்ணன் மரியசுந்தரம் ஊரிலேயே உயரமான ஆள். வீடோ தாழ்ந்த கூரை வீடு. எந்த வாசலுக்குள்ளும் அவர் நிமிர்ந்து நுழைந்ததில்லை. புருவத்துக்கு மேலே நிலையின் மேற்கட்டை இடித்த தழும்பு நிரந்தரமாக இருந்தது. ஊரில் தனிப்பெட்டிக்கு வசதியில்லாதவர் செத்தால், கோயிலின் பொதுச் சவப்பெட்டியான தூம்பாவில் வைத்துத் தூக்கிப்போய், குழியருகே பாயோடு இறக்கிவிடுவார்கள். தூம்பாவும் சராசரி ஆளுக்குச் செய்தது. அதில் தன்னை மடக்கிப் போடுவார்கள் என்று அவருக்குப் பயம். கொல்லையில் நின்ற பூவரசை அறுத்து, பலகையாகவே ஆசாரியிடம் போட்டுவைத்திருந்தார். "கடைசியா ஒரு வூடு, அதுலயாச்சும் நிமிந்து படுத்துக்கறேன்" என்று மனைவி அன்னாமேரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சாயங்காலம் கோயில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தபோது வண்டி வந்தது. கண்ணையன் ஆசாரியும் கூடவே வந்திருந்தார். இழைத்த பூவரசின் வாசனை தெருமுனையிலேயே தெரிந்தது. நாலு பேர் உடலைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். தலை தலைமாட்டுப் பலகையைத் தொட்டது. கால் உள்ளே போகவில்லை.

தலையணையை எடுத்தார்கள். கொஞ்சம் சரித்துப் பார்த்தார்கள். கால் போகவில்லை.

"இன்னா ஆசாரி, ஆள் யாருன்னு தெரியாதா உனக்கு?" என்று அன்னாமேரியின் தம்பி சவரிமுத்து எகிறினான்.

"தெரியுங்க. எனக்கே சந்தேகமாத்தான் இருந்திச்சி. ஆனா மீட்டர் கணக்கா சொல்லியனுப்பினாங்களேன்னு அறுத்தேன். நூத்தி எழுபதுன்னாங்க."

இன்பமேரி மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். சாணுக்கு இரண்டு சென்டிமீட்டர். ஒரு விரல் அகலம். அதை எட்டு முறை தள்ளியிருக்கிறோம். இப்போது கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது! நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முந்தானையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

செபாஸ்டின் அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, ஒருவேளை இவளுக்கும் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கிறதோ என்பதுபோல ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆசாரி மேல தப்பு இல்ல. அவ சரியாத்தான் சொன்னா. போற வழியில நாந்தான் மறந்துட்டு மாத்தி சொல்லிட்டேன்."

"பொண்டாட்டி கணக்கு போட்டு வாயில ஊட்டி அனுப்பினாக்கூட, இவன் வில்லியனூரு போறதுக்குள்ள துப்பிடுவான்" என்றான் சவரிமுத்து. துக்க வீட்டிலும் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். செபாஸ்டின் நிமிரவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று இன்பமேரி நினைத்தாள். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அது அடங்கியதும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டிருந்தது. தனக்குள் எங்கோ ஒரு மூலையில், தப்பித்தோம் என்று ஒரு மூச்சு இறங்கியதை அவள் உணர்ந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேறு பலகை இல்லை. அடக்கப் பூசைக்கு வந்த பங்குச் சாமியார் அடுத்த ஊருக்குப் போகவேண்டியவர். முழங்காலை மடக்கிவிடலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அன்னாமேரி எழுந்து வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மடக்காதீங்க. குனிஞ்சதெல்லாம் போதும்."

கண்ணையன் ஆசாரி உளியை எடுத்தார். கால்மாட்டுப் பலகையைத் தட்டிப் பெயர்த்தார். மரியசுந்தரம் நேராகப் படுத்தார். கணுக்காலும் பாதமும் பெட்டிக்கு வெளியே நின்றன. அன்னாமேரி ஒரு வெள்ளை வேட்டியை மடித்து அவற்றின்மேல் போர்த்தினாள். தோளுக்கு ஏற்றினால் கால் சரிந்து தெரியும் என்று, நாலு பேரும் முதுகு வளைந்து இடுப்பளவில் தூக்கிக்கொண்டே நடந்தார்கள்.

கரும்புக் காட்டைத் தாண்டும்போது காற்று வேட்டியைத் தூக்கியது. அன்னாமேரி திரும்பி இன்பமேரியைத் தேடினாள்.

"நீ வா தங்கச்சி. பறக்காம புடிச்சிக்கினு வா."

"அக்கா..."

"புடி."

இன்பமேரி பின்னால் வந்து இரண்டு கைகளாலும் துணியை அழுத்திப் பிடித்தாள். துணிக்குள் குதிகால்கள் குளிர்ந்து கிடந்தன. எத்தனை கழுவியும் போகாத வயல் சேற்றின் வெடிப்புகள் அவள் உள்ளங்கையில் நெருடின. தூக்குகிறவர்கள் அடி வைக்கும்போதெல்லாம் பாதங்கள் அவள் கைக்குள் லேசாக ஆடின.

பக்கத்தில், பெட்டியின் பின்மூலையைத் தாங்கிக் குனிந்தபடி செபாஸ்டின் நடந்துகொண்டிருந்தான். அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவனுடைய இன்னொரு கை மட்டும் தெரிந்தது. பலகை நழுவாமல் இருக்க, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை முழுதாக விரிந்து, பூவரசுப் பலகையின்மேல் பதிந்திருந்தது.